வீட்டில் பாண் போட்டால் காசு மிஞ்சுமா? வன்னி அடுப்படிக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

மிஞ்சும். ஆனால் எல்லா வீட்டிலும் மிஞ்சாது. மிஞ்சுகிற வீட்டிலும் எல்லா நாளும் மிஞ்சாது. மாவில் கிடைக்கிற லாபத்தைச் சூடு தின்றுவிடும் என்பதுதான் இதில் உள்ள சிக்கல். ஒரேயொரு றாத்தல் பாணுக்காக ஓவனைப் போடுகிறவருக்குக் கையில் ஒன்றும் நிற்காது. அதே சூட்டில் மூன்று றாத்தல் போடுகிறவருக்குக் கொஞ்சம் நிற்கும். சோறு கறி ஆக்கிய தணலில் போடுகிறவருக்கு நன்றாகவே நிற்கும்.

புதிதாகத் தொடங்குகிறவர்கள் பெரும்பாலும் ஓவன் வாங்குவதில் தொடங்குகிறார்கள். அது கடைசியில் செய்யவேண்டிய வேலை. ஆகவே முதலில் கணக்கு, அப்புறம் சாமான், அதற்குப் பிறகுதான் மா குழைப்பது.

1. கடைப் பாணை நிறுத்துப் பாருங்கள்

வீட்டுப் பாண் மலிவா என்று கேட்கும் முன் கடைப் பாண் உண்மையில் என்ன விலை என்று தெரியவேண்டும். விலையை எல்லோரும் பார்க்கிறோம், நிறையைப் பார்ப்பதில்லை.

ஒரு றாத்தல் பாண் 450 கிராம், அரை றாத்தல் 225 கிராம் இருக்கவேண்டும் என்று நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபை 2024 பெப்ரவரியில் வர்த்தமானி மூலம் அறிவித்தது. றாத்தல் பாணில் 13.5 கிராம், அரை றாத்தலில் 9 கிராம் வரைதான் குறையலாம். நீங்கள் வழக்கமாக வாங்கும் பாணை நாலைந்து தடவை வெவ்வேறு நாட்களில் நிறுத்து எழுதிவையுங்கள். பலசரக்குக் கடைத் தராசே போதும்.

ஒரு பாண் 130 ரூபா என்று வைத்துக்கொள்வோம். அது 410 கிராம்தான் நிற்கிறது என்றால் 450 கிராமுக்கு நீங்கள் கொடுப்பது ஏறக்குறைய 143 ரூபா. ஒப்பிடவேண்டியது இந்த 143ஐத்தான், 130ஐ அல்ல.

இன்னொரு செலவும் இருக்கிறது. கிளிநொச்சி ரவுணில் இருப்பவருக்கும், பாண் ஓட்டோ பாட்டுப் போட்டுக்கொண்டு படலை வரைக்கும் வருகிற இடத்தில் இருப்பவருக்கும் இது பொருந்தாது. ஆனால் துணுக்காய், நெடுங்கேணி, ஒட்டுசுட்டான் பக்கம் உள்ளே தள்ளி இருக்கிறவர்கள் பாணுக்கென்றே மோட்டார் சைக்கிளை எடுப்பதுண்டு. போகவர 10 கிலோமீற்றர் என்றால் கிட்டத்தட்ட கால் லீற்றர் பெற்றோல் போகும். அந்தக் காசையும் பாணின் விலையோடு கூட்டுங்கள். வேறு வேலைக்குப் போகும்போது வாங்கி வருவதென்றால் கூட்டக் கூடாது. இதில் உங்களுக்கு நீங்களே பொய் சொல்லாமல் இருந்தால் சரி.

2. மாவின் கணக்கு

ஒரு கிலோ கோதுமை மாவில் மூன்று றாத்தல் பாணும், மிச்சக் குழையலில் இரண்டு சின்னப் பணிசும் வரும். எப்படி என்றால், 450 கிராம் பாணுக்குக் குழையல் 510 கிராம் வைக்கவேண்டும். சுடும்போது தண்ணீர் ஆவியாகி எட்டில் ஒரு பங்கு நிறை போய்விடும். இது தெரியாதவர்கள் 450 கிராம் குழையலை அச்சில் போட்டுவிட்டு, பாண் 400 கிராமுக்கும் குறைவாக வருகிறதே என்று முழிப்பார்கள்.

ஒரு கிலோ மாவுக்கான அளவு:

மா 1 கிலோ
தண்ணீர் 600 மில்லிலீற்றர்
உடனடி ஈஸ்ட் 8 கிராம்
உப்பு 18 கிராம்
சீனி 20 கிராம்
மாஜரின் அல்லது தேங்காயெண்ணெய் 20 கிராம்

எல்லாம் சேர்ந்து 1,666 கிராம் குழையல். மூன்று பாணுக்கு 1,530 போக 136 கிராம் மிஞ்சும்.

இனி விலை. இங்கே நான் போடுவது கணக்குக்கு எடுத்த விலைகள். உங்கள் கடை விலையை அந்த இடத்தில் போடுங்கள். மா 190, ஈஸ்ட் 25, சீனி 5, உப்பு 2, மாஜரின் 30. மொத்தம் 252 ரூபா. பணிசைக் கணக்கில் எடுக்காமல் விட்டால் ஒரு பாணுக்கு 84 ரூபா. நிறை குறையாத கடைப் பாண் 130 என்றால் பாணுக்கு 46 ரூபா இடைவெளி.

இந்த 46ஐப் பார்த்துத்தான் பலர் துள்ளுகிறார்கள். பொறுங்கள், இன்னும் அடுப்பே மூட்டவில்லை.

ஈஸ்ட் விடயத்தில் ஒரு கவனம். சின்னப் பக்கற்றாக வாங்கினால் கிராம் கணக்கில் விலை பல மடங்கு கூடும். 500 கிராம் பக்கற் மலிவு, ஆனால் உடைத்த பிறகு நம் வெயிலுக்கு வெளியில் வைத்தால் சில கிழமையில் வலு இழந்துவிடும். குளிர்சாதனப் பெட்டி இருந்தால் இறுக்கமான போத்தலில் போட்டு உள்ளே வையுங்கள். இல்லாதவர்கள் இரண்டு மூன்று வீடாகச் சேர்ந்து பக்கற்றை வாங்கிப் பிரித்தெடுப்பது நல்லது.

3. சூட்டின் கணக்கு

மிச்சம் வருமா வராதா என்பது இங்கேதான் தீர்மானமாகிறது.

மின் ஓவன்: 30 லீற்றர் அளவான ஓவன் பெரும்பாலும் 1,500 அல்லது 1,600 வாற். வெறுமனே சூடேற 12 நிமிடம், பாண் வேக 35 நிமிடம். வேகும்போது ஓவன் விட்டுவிட்டுத்தான் எரியும். எல்லாம் சேர்த்து ஒரு தடவைக்கு ஏறத்தாழ 0.9 அலகு. அலகு 40 ரூபா என்று கொண்டால் ஒரு தடவைக்கு 40 ரூபாவுக்குள் முடியும்.

உள்ளே ஒரு பாண் இருந்தாலும் மூன்று பாண் இருந்தாலும் இந்தச் செலவு கிட்டத்தட்ட ஒன்றுதான். ஒரு பாண் போட்டால் 46இல் 40 போய் 6 ரூபா மிஞ்சும். அந்த 6 ரூபாவுக்காகக் காலைப்பொழுதைக் கொடுக்கத் தேவையில்லை. மூன்று போட்டால் 138இல் 40 போய் 98 ரூபா மிஞ்சும்.

ஆனால் கரண்ட் பில்லில் ஒரு பொறி இருக்கிறது. வீட்டுப் பாவனைக் கட்டணம் படிப்படியாக ஏறுகிறது என்பது எல்லோருக்கும் தெரியும். மாதம் 60 அலகுக்குள் நிற்கிற வீட்டுக்கு ஒரு கட்டண ஒழுங்கு. 60ஐத் தாண்டினால் முதல் அலகிலிருந்தே வேறு ஒழுங்கு, நிலையான கட்டணமும் கூடும். கிழமைக்கு இரண்டு தடவை பாண் போட்டால் மாதத்துக்கு 8 அலகு வரை ஏறும். 40 அலகு எரிக்கிற வீட்டுக்கு அது பெரிதில்லை. 55 அலகு எரிக்கிற வீடு 63க்குப் போய்விடும். பாணில் மிஞ்சியதை விடக் கூடுதலாகப் பில்லில் போகலாம். ஆகவே ஓவனைப் போடும் முன் கடந்த மூன்று நாலு மாதப் பில்லை எடுத்து அலகைப் பாருங்கள். 52க்கு மேல் நிற்கிற வீடு கரண்டில் பாண் போடாமல் இருப்பதே நல்லது. அடுத்த படிகள் 90, 120, 180. அவற்றின் ஓரத்தில் நிற்பவர்களுக்கும் இதே யோசனைதான்.

காஸ்: 12.5 கிலோ சிலிண்டர் 3,700 ரூபா என்றால் கிலோ 300 ரூபா அளவில் வரும். காஸ் ஓவன் ஒரு தடவைக்கு 250 கிராம் குடித்தால் 75 ரூபா. ஒரு பாண் போட்டால் 29 ரூபா நட்டம். மூன்று போட்டால் 63 மிச்சம். சாதாரண காஸ் அடுப்பில் மணல் சட்டி (மணல் பரப்பி மூடிக் காயவைத்த கனத்த சட்டி) வைத்துச் சுடுவதும் செய்யலாம், ஆனால் கண்ணாடி மேற்பரப்பு உள்ள அடுப்பில் அதைச் செய்யவே கூடாது. ஒரு மணித்தியாலம் கனமான சட்டி கீழே சூட்டைத் திருப்பி அடித்துக்கொண்டிருந்தால் கண்ணாடி வெடிக்கும்.

விறகு: வளவில் விழும் கொப்பு, பனை மட்டை, சிரட்டை இருக்கிற வீட்டுக்கு இது காசில்லாச் சூடு. விறகை விலைக்கு வாங்குகிற வீட்டுக்கும் பாணுக்கென்று தனியாக அடுப்பு மூட்டவேண்டியதில்லை. மத்தியானச் சமையல் முடியும்போது அடுப்பில் கிடக்கிற தணல் வீணாகத்தான் போகிறது. அதில் பாண் போடலாம். அதற்கு மா குழைக்கும் நேரத்தைச் சமையலோடு பொருத்தவேண்டும், அவ்வளவுதான். அதைக் கீழே சொல்கிறேன்.

4. ஓவன் வாங்கலாமா

பாணுக்காக மட்டும் என்றால் வேண்டாம்.

ஓவன் 25,000 ரூபா என்று வையுங்கள். கிழமைக்கு இரண்டு தடவை மூன்று மூன்று பாண் போட்டு 196 ரூபா மிச்சம் பிடித்தால் ஓவனின் விலை திரும்பி வர இரண்டரை வருடம் போகும். இடையில் சூடேற்றும் கம்பி ஒன்று போனால் அதற்கும் செலவு. ஏற்கெனவே கேக் செய்ய வாங்கிய ஓவன் மூலையில் கிடந்தால் அதை எடுத்துத் துடையுங்கள். இல்லாதவர்கள் மணல் சட்டியில் இரண்டு மாதம் போட்டுப் பாருங்கள். அந்த இரண்டு மாதமும் விடாமல் போட்டிருந்தால் ஓவனைப் பற்றி யோசிக்கலாம்.

5. தொடங்கும் முன் எடுத்துவைக்க வேண்டியவை

சமையல் தராசு. கோப்பையால் மா அளப்பவருக்கு ஒவ்வொரு நாளும் வேறு வேறு பாண்தான் வரும், ஏனென்றால் அமத்தி அள்ளிய கோப்பைக்கும் அள்ளிய மாதிரியே விட்ட கோப்பைக்கும் நிறை வித்தியாசம் பெரிது.

பாண் அச்சு மூன்று. 30 லீற்றர் ஓவனில் பக்கத்துக்குப் பக்கம் நிற்கக்கூடிய ஒடுக்கமான அச்சு பார்த்து வாங்குங்கள். வீட்டு ஓவனின் தட்டை அளந்துவிட்டுக் கடைக்குப் போனால் வீண் அலைச்சல் இல்லை. மூன்று நிற்காவிட்டால் மேலே சொன்ன கணக்கு முழுவதும் மாறிவிடும்.

அகன்ற சருவம், சுத்தமான சீலைத் துண்டு, சூடு பிடிக்கத் தடிப்பான துணி, பாண் ஆற ஒரு கம்பித் தட்டு. கம்பித் தட்டு இல்லாவிட்டால் சுளகைக் கவிழ்த்தும் வைக்கலாம்.

மா: பச்சை மா, அதாவது அவிக்காத, வறுக்காத மா. இதைத் தடித்த எழுத்தில் எழுதவேண்டும். எங்கள் அடுப்படிகளில் பிட்டுக்கும் இடியப்பத்துக்கும் என்று கோதுமை மாவை அவித்து அரித்து ரின்னில் போட்டு வைத்திருப்போம். அந்த ரின்தான் கைக்குக் கிட்ட இருக்கும். விசுவமடுவில் ஓர் அக்கா மூன்று நாளாகப் பாண் போட்டும் பொங்கவில்லை என்று கூப்பிட்டார். போய்ப் பார்த்தால் சருவத்தில் குழையல் ஈர மணல் மாதிரி உதிர்ந்துகொண்டு கிடக்கிறது. “ஈஸ்ட் செத்துப் போச்சோ, பிள்ளை?” என்றார். ஈஸ்டில் பிசகில்லை. மா அவித்த மா. அவிக்கும்போது மாவில் உள்ள பசைப் புரதம் வெந்துவிடும். பிறகு எவ்வளவு குழைத்தாலும் அது இழுபடாது, காற்றைப் பிடித்து வைக்காது. வறுத்த மாவும் அப்படித்தான்.

தண்ணீர்: வன்னியில் கிணற்றுக்குக் கிணறு வித்தியாசம். கல்சியம் கூடிய தண்ணீரில் குழையல் கொஞ்சம் இறுகும், பொங்கவும் சற்றுக் கூட நேரம் எடுக்கும். கடற்கரைப் பக்கம் உவர்த் தண்ணீர் என்றால் உப்பை 18இலிருந்து 14 கிராமுக்குக் குறையுங்கள். சுத்திகரிப்பு நிலையத்தில் வாங்கும் தண்ணீரைப் பாவித்தால் குழையல் கொஞ்சம் கையில் ஒட்டும். 20 மில்லிலீற்றர் குறைத்துத் தொடங்குங்கள்.

6. மா குழைக்கும் ஒழுங்கு

முதலில் மாவோடு ஈஸ்டையும் சீனியையும் கலவுங்கள். உப்பைத் தண்ணீரில் கரையுங்கள். உப்பும் ஈஸ்டும் குவியலாக ஒன்றின் மேல் ஒன்று கிடந்தால் ஈஸ்டின் ஈரத்தை உப்பு இழுத்துவிடும்.

தண்ணீரைச் சுடவைக்காதீர்கள். இளஞ்சூட்டுத் தண்ணீர் என்று சமையல் குறிப்புகளில் எழுதியிருப்பது குளிர் நாட்டு வீடுகளுக்கு. நம் வீட்டில் குடத்துத் தண்ணீரே போதும். சித்திரை, வைகாசி வெயிலில் மண்பானைத் தண்ணீர் இன்னும் நல்லது. கேத்தல் தண்ணீரை ஊற்றி ஈஸ்டைக் கொல்பவர்கள் நிறையப் பேர். 55 பாகை தாண்டினால் அது சாகத் தொடங்கும்.

600இல் 560ஐ மட்டும் ஊற்றிப் பிசறுங்கள். காய்ந்த மா தெரியாமல் சேர்ந்ததும் சீலையால் மூடி 15 நிமிடம் சும்மா விடுங்கள். இந்த ஓய்வில் மா தண்ணீரைக் குடித்துத் தானாகவே பசை பிடிக்கும். கைக்கு வேலை பாதியாகக் குறையும். அப்புறம் மிச்சத் தண்ணீரைத் தேவை பார்த்துத் தெளித்து, மாஜரினையும் சேர்த்து 10 நிமிடம் குழையுங்கள். மாஜரினை முதலிலேயே போட்டால் மாவில் எண்ணெய்ப் பூச்சு ஏறித் தண்ணீர் உள்ளே போவது தடைப்படும்.

குழைக்கத் தொடங்கி மூன்று நாலு நிமிடத்தில் குழையல் கையெல்லாம் ஒட்டும். புதியவர் எல்லோரும் இந்த இடத்தில்தான் ஒரு பிடி மாவை அள்ளிப் போடுகிறார்கள். ஒட்டுவது நிற்கும், ஆனால் பாண் கல்லாக வரும். மா போடாமல் கையை நனைத்துக்கொண்டு இன்னும் நாலு நிமிடம் குழையுங்கள். ஒட்டுவது தானாக நிற்கும்.

போதுமா என்று பார்க்க ஒரு நெல்லிக்காய் அளவு பிய்த்து, இரண்டு கையாலும் மெல்ல இழுத்து விரியுங்கள். கிழியாமல் மறுபக்க வெளிச்சம் தெரிகிற அளவுக்கு விரிந்தால் போதும். கிழிந்தால் இன்னும் குழையுங்கள்.

7. பொங்க விடுதல்

வன்னி வெயிலுக்கு இதுதான் கண்டம். 32 பாகைச் சூட்டில் குழையல் 45 முதல் 60 நிமிடத்தில் இரண்டு மடங்காகும். புத்தகத்தில் இரண்டு மணித்தியாலம் என்று போட்டிருக்கிறதே என்று விட்டுவிட்டு வயலுக்குப் போனால், திரும்பி வரும்போது கள்ளு மணம் அடித்துக்கொண்டு அமுங்கிக் கிடக்கும். அதைச் சுட்டால் புளிப்பான, மேல் வெடித்த, நடுவில் குழி விழுந்த பாண்தான்.

மணிக்கூட்டைப் பார்க்காமல் குழையலைப் பாருங்கள். விரலை மாவில் தோய்த்து மெல்லக் குத்துங்கள். குழி உடனே நிரம்பினால் இன்னும் விடலாம். மெல்ல மெல்லப் பாதி நிரம்பினால் சரி. அப்படியே நின்றால் பிந்திவிட்டது. உடனே எடுத்து அச்சுக்குப் போங்கள்.

சருவத்தை வைக்கும் இடம் முக்கியம். தகரக் கூரைக்குக் கீழே மத்தியானத்தில் வைக்காதீர்கள். மர நிழல் அல்லது அறையின் சீமெந்துத் தரை நல்லது. பங்குனி முதல் ஆவணி வரை ஈஸ்டை 6 கிராமாகக் குறைத்தாலும் போதும். அதுவும் ஒரு சின்ன மிச்சம்தான். மாரியில் மழை விடாமல் பெய்கிற நாட்களில் 8 கிராமும் ஒன்றேகால் மணித்தியாலமும் வேண்டிவரும்.

தணலில் சுடுகிறவர்களுக்கு நேர ஒழுங்கு: சமையல் பதினொன்றரைக்கு முடிகிற வீடு என்றால் ஒன்பது மணிக்கு மா பிசறுங்கள். ஒன்பதரைக்குக் குழைத்து முடியும். பத்தரைக்கு அச்சில் போகும். பதினொன்றேகாலுக்குச் சுடத் தயாராகும். சோற்றை இறக்க முன்னமே மணல் சட்டி பக்கத்து அடுப்பில் காயத் தொடங்கியிருக்க வேண்டும்.

8. அச்சில் போடுதல்

பொங்கியதைக் கையால் அமத்திக் காற்றை எடுத்து, தராசில் வைத்து 510 கிராமாக மூன்று துண்டு வெட்டுங்கள். கண் மட்டத்துக்கு வெட்டினால் ஒன்று பெரிது ஒன்று சிறிதாகி, சின்னது கருகும்போது பெரியது உள்ளே வெந்திருக்காது.

ஒவ்வொன்றையும் செவ்வகமாகத் தட்டிப் பாய் சுருட்டுவது போல இறுக்கமாகச் சுருட்டி, மடிப்பு கீழே வர எண்ணெய் தடவிய அச்சில் வையுங்கள். சுருள் தளர்வாக இருந்தால் பாணுக்குள் பெரிய பொந்து விழும். சம்பல் வைத்தால் அதால் ஒழுகும்.

அச்சின் விளிம்புக்கு ஒரு விரல் கீழே வரும்வரை, 30 முதல் 40 நிமிடம் விடுங்கள். விளிம்பைத் தாண்ட விட்டால் ஓவனில் அது எழும்பாமல் சரியும். மின் ஓவன்காரர்கள் விளிம்புக்கு இரண்டு விரல் இருக்கும்போதே ஓவனைச் சூடேற்றத் தொடங்குங்கள்.

9. சுடுதல்

மின் ஓவன்: 200 பாகை, மேலும் கீழும் எரியும் நிலை, அச்சுகள் கீழ்த் தட்டில். நடுத் தட்டில் வைத்தால் பாண் எழும்பி மேல் கம்பிக்குக் கிட்டப் போய்க் கருகும். அச்சுகளுக்கு இடையில் ஒரு விரல் இடைவெளி விடுங்கள். முதல் 20 நிமிடம் கதவைத் திறக்க வேண்டாம். திறந்தால் சூடு இறங்கிப் பாண் அமுங்கும், கரண்டும் கூடும். 30 நிமிடத்தில் ஆளியை நிறுத்திவிட்டு, மூடியபடியே இன்னும் 5 நிமிடம் விடுங்கள். உள்ளே நிற்கிற சூடே மிச்சத்தைப் பார்த்துக்கொள்ளும்.

மணல் சட்டி: தடிப்பான இரும்புச் சட்டி அல்லது பழைய கனத்த தாச்சி எடுங்கள். மெல்லிய அலுமினியம் வெறும் சூட்டில் நெளிந்துவிடும். அரித்துக் கழுவிக் காயவைத்த ஆற்று மணலை இரண்டு விரல் உயரத்துக்குப் பரப்புங்கள். கடல் மணல் வேண்டாம், உப்பு சட்டியை அரிக்கும். மணலின் மேல் மூன்று சின்னக் கல் வைத்து மூடி, 20 நிமிடம் காயவிடுங்கள்.

சூடு சரியா என்று பார்க்க ஒரு சின்னத் தட்டில் துளி மா தூவி உள்ளே வைத்து மூடுங்கள். ஒரு நிமிடத்தில் கருகினால் தணலை இழுத்துக் குறையுங்கள். இரண்டு மூன்று நிமிடத்தில் பொன்னிறம் வந்தால் அச்சை வைக்கலாம். ஐந்து நிமிடம் போயும் வெள்ளையாகவே இருந்தால் இன்னும் காயவேண்டும்.

அச்சைக் கல்லின் மேல் வைத்து, தகர மூடியால் மூடி, மூடியின் மேல் சிரட்டைத் தணலைப் பரப்புங்கள். மேல் தணல் இல்லாவிட்டால் பாண் அடியில் கருகி மேலே வெளிறி அவித்தது போல இருக்கும். கீழே தணல் மட்டும் போதும், சுவாலை கூடாது. பாலை விறகின் தணல் கனநேரம் நிற்கும். முருங்கை மாதிரி மென்மரம் கெதியில் சாம்பலாகிவிடும். ஒரு சட்டியில் ஒரு அச்சுத்தான் வைக்கலாம், 40 முதல் 45 நிமிடம் எடுக்கும். மூன்று பாணுக்கான மா குழைத்திருந்தால் இரண்டு சட்டியில் இரண்டு பாண் வைத்து, மிச்ச மாவைப் பணிசாக உருட்டிக் கடைசிச் சூட்டில் போடுங்கள்.

எதில் சுட்டாலும் வெந்ததற்கு அடையாளம் ஒன்றுதான்: அச்சிலிருந்து எடுத்துக் கவிழ்த்து அடியில் விரலால் தட்டினால் பொள்ளென்று சத்தம் வரவேண்டும். மந்தமாகக் கேட்டால் அச்சில்லாமல் இன்னும் ஐந்து நிமிடம்.

அக்கம்பக்கத்தில் மூன்று நாலு குடும்பம் ஒத்து வந்தால் செங்கல்லும் புற்றுமண்ணும் கொண்டு ஒரு சின்னப் போறணை கட்டுவது எல்லாவற்றிலும் லாபம். உள்ளே விறகை எரித்துத் தணலை வெளியே இழுத்துவிட்டால், சுவரில் ஏறிய சூட்டிலேயே ஒரே தடவையில் பத்துப் பாண் வரை வேகும். ஆனால் யார் விறகு கொண்டுவருவது, யார் முதலில் போடுவது என்பதை முதலே பேசி முடித்துவிட்டுக் கட்டுங்கள். போறணை வெடிப்பதை விட அந்தச் சண்டைதான் கெதியில் வரும்.

10. ஆற விடுதலும் வைத்திருத்தலும்

சுடச்சுட வெட்ட வேண்டாம். உள்ளே ஆவி இன்னும் அடங்காததால் கத்தியில் பசையாக ஒட்டும், வேகவில்லை என்று நினைத்துவிடுவீர்கள். ஒரு மணித்தியாலம் போகட்டும்.

சூட்டோடு சொப்பிங் பையில் போட்டுக் கட்டினால் அடுத்த நாளே பூஞ்சணம். நன்றாக ஆறிய பின் சீலையில் சுற்றி ரின்னில் வையுங்கள். வீட்டுப் பாண் இரண்டு நாள் வரை நல்லது. மூன்றாம் நாள் மிஞ்சினால் துண்டு வெட்டித் தோசைக்கல்லில் வாட்டுங்கள். எறிகிற பாண் மிச்சக் கணக்கில் ஓட்டை. மூன்று பாணை இரண்டு நாளில் தின்ன ஆளில்லாத வீடு ஒன்றைப் பக்கத்து வீட்டுக்கு விலைக்கோ மாறுக்கோ கொடுப்பதுதான் வழி.

புழுக்கமான நாட்களில் பாணின் நடுப்பகுதி பிசுபிசுத்து, பிய்க்கும்போது நூலாக இழுபட்டு, அழுகத் தொடங்கிய அன்னாசி மணம் வந்தால் முழுவதையும் எறியுங்கள். அது மாவோடு வருகிற ஒரு பக்டீரியா, அதன் வித்துகள் ஓவன் சூட்டிலும் சாகாது. ஒருமுறை வந்தால் சருவம், அச்சு, தராசு எல்லாவற்றையும் வினாகிரித் தண்ணீரில் கழுவி, அடுத்த சில தடவை ஒரு கிலோ மாவுக்கு ஒரு மேசைக்கரண்டி வினாகிரி சேருங்கள்.

11. காசுதான் நோக்கம் என்றால் பணிஸ் போடுங்கள்

வெறும் பாணில் மிச்சம் சின்னது. பேக்கரிக்காரர் மூட்டைக் கணக்கில் மா வாங்கிப் போறணை நிறையப் போடுகிறார், அவரோடு போட்டி போடுவது கஷ்டம். ஆனால் பணிசில் அவர் லாபம் கூட வைக்கிறார். பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகள் இரண்டு மூன்று பேர் இருக்கிற வீட்டில் பாணை விட இதுதான் கணக்குக்கு வரும்.

அதே ஒரு கிலோ மா, சீனியை 120 கிராமாகவும் மாஜரினை 80 கிராமாகவும் கூட்டுங்கள். தண்ணீரை 540க்குக் குறையுங்கள், ஏனென்றால் சீனி கரைந்து குழையலை இளக்கும். இனிப்புக் குழையல் மெதுவாகப் பொங்கும், ஆகவே ஈஸ்ட் 10 கிராம். 70 கிராம் வீதம் உருட்டினால் 25 வரும். சாமான் 380 ரூபா, சூடு 40, ஆக 420. ஒன்று 17 ரூபாவுக்குள் முடியும். கடையில் ஒன்று 50 ரூபா என்றால் இருபத்தைந்துக்கு 1,250.

ஒரு தட்டில் 12 அல்லது 13, 190 பாகையில் 14 நிமிடம். இரண்டாவது தட்டை முதல் தட்டு வெளியே வந்த உடனே உள்ளே தள்ளுங்கள். இடையில் ஓவன் சும்மா எரியக் கூடாது. இரண்டாவது தட்டு காத்திருக்கும் நேரத்தில் கூடப் பொங்கிவிடாமல் இருக்க, அதை உருட்டுவதை முதல் தட்டை விட 15 நிமிடம் பிந்தித் தொடங்குங்கள். அதுவரை அந்தக் குழையலை ஈரச் சீலை போட்டு மூடித் தரையில் வைத்தால் போதும்.